களத் தகவல் இல்லை

"பேசாத ஜெயா. இன்னொரு தடவ அந்த வார்த்தைய சொன்னீன்னா நான் இப்பவே பஸ் ஏறிடுவேன்."

"ஏறு அண்ணே, யாரு வேணாங்கறா? நேத்து முக்கா மணி நேரம் வாசல்ல பைக்கு மேல உக்காந்திருந்தாரு உன் மாப்ள. சாவியும் போடல, எறங்கவும் இல்ல. எதிர்த்த வூட்டு பொம்பள வந்து, 'அண்ணனுக்கு பெட்ரோல் தீந்துருச்சா'ன்னு என்கிட்ட கேக்கறா."

"அசதியா இருந்திருப்பாரு."

"அசதியா இருந்தா மனுசன் தூங்குவான். இவரு ஒழுங்கா தூங்கி மாசக்கணக்குல ஆச்சு."

"அதுக்கு? மனநல டாக்டரா? வெளியில தெரிஞ்சா நாளைக்கு ஆர்த்திக்கு மாப்ள பாக்கறப்ப என்ன சொல்லுவாங்க?"

"அவ பன்னண்டாவது படிக்கறா! நீ மாப்ளைக்குப் போயிட்ட. அப்பன் உசுரோட இருந்தாத்தான அண்ணே மாப்ள பாக்க முடியும்?"

கூடத்தில் இவ்வளவும் நடந்துகொண்டிருந்தது.

குளியலறைக்குள் ஜெயசீலன் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் ஒட்டுக்கேட்பது வெளியே தெரியாது என்று நினைப்பு. வாளி நிரம்பி வழிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஜெயசுதா கடைசியாகச் சொன்னது காதில் விழுந்ததும் குழாயை மூடினார். இவ்வளவு தூரம் இவள் யோசித்து வைத்திருக்கிறாளா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் பயம் வந்தது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவரைப் பார்த்ததும் மைத்துனர் ராசாங்கம் சட்டென்று சிரித்தார். பாடாலூரில் ஹைவே ஓரமாக லாரி டயருக்குப் பஞ்சர் போடும் கடை வைத்திருப்பவர். தங்கை போன் பண்ணி அழுததால் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு விடியற்காலையிலேயே அரியலூர் வந்திருந்தார்.

"என்ன மாப்ள, குளிச்சாச்சா?"

"ம்."

"தலை நனையவே இல்லியே?"

ஜெயசீலன் ஜெயசுதாவைப் பார்த்து, "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. பெரம்பலூர்ல."

"பெரம்பலூரா?"

"இங்கயும் ஒருத்தங்க இருக்காங்களாம். நான்தான் பெரம்பலூருன்னு சொன்னேன். இங்க போனா ஃபேக்டரி ஆளு யாரு கண்ணுலயாவது படும்."

ராசாங்கம் முதல் தடவையாகத் தலையை ஆட்டினார். "அது சரி. வெளியூருன்னா பரவால்ல."

*

அரியலூரைச் சுற்றி சிமென்ட் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில் ஜெயசீலனுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். மீன்சுருட்டியில் கடலைக் கொல்லையும் முந்திரியுமாக இருந்த குடும்பத்தில் டிப்ளமா முடித்து ஃபேக்டரிக்குள் போன முதல் ஆள். இப்போது கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பொறுப்பாளர். முன்னால் எட்டுத் திரை. சூளைக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று, எவ்வளவு சுண்ணாம்புக்கல் மாவு இறங்குகிறது, எல்லாம் அதில் தெரியும். அந்த இடம் இரண்டு பேருக்கானது. பக்கத்தில் இருந்தவர் வேலையை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் ஆள் போடவில்லை. இவரே இரண்டு ஆளாக உட்கார்ந்தார். வரவேண்டியவர் லீவு என்றால் அடுத்த ஷிப்டுக்கும் இவரே. வீட்டுக்கு வந்தாலும் ஏழு வாட்ஸ்அப் குரூப். சாப்பிடும்போது போன், கழிவறையில் போன். ரிங்டோனை மாற்றிப் பார்த்தார். புது ரிங்டோனுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ள ஒரு வாரம்தான் ஆனது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது, போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி வரை.

அன்று காலை பத்து மணி. சூளைக்கு மேலே ஏழு மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம். சுண்ணாம்புக்கல் மாவு அதன் வழியாகச் சூடேறிக்கொண்டே கீழே இறங்க வேண்டும். சில நேரம் அது நடுவில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் உடனே மாவு வருவதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் எண்ணூறு டிகிரி மாவு கிடைத்த ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அந்தக் கோபுரத்தில் நின்று பார்த்துக்கொள்வது ஒப்பந்தத் தொழிலாளி அய்யம்பெருமாளின் வேலை. ஐம்பத்திரண்டு வயது. ஜெயசீலன் சர்வீஸில் சேர்வதற்கு முன்னாலிருந்தே அங்கே இருப்பவர்.

வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது. "கன்ட்ரோல் ரூம், கன்ட்ரோல் ரூம். நாலாவது மாடில அடைக்குது சார். நிறுத்துங்க."

ஜெயசீலனுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. திரையிலும் சிவப்பு வந்துவிட்டது. ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கை மேஜை மேல் வைத்தது வைத்தபடியே இருந்தது. யாரோ ஒருவருடைய கை மாதிரி.

"சார், ஜெயசீலன் சார், கேக்குதா?"

கேட்டது.

மூன்றாவது தடவை அய்யம்பெருமாள் கத்தினார். அப்புறம் வாக்கி டாக்கி ஓய்ந்துவிட்டது. அவர் காத்திருக்கவில்லை. கூட இருந்த இரண்டு பேரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் இறங்கியிருக்கிறார். மூன்று மாடி இறங்குவதற்குள் மேலே அடைப்பு எடுக்கும் கதவு பிய்த்துக்கொண்டு மாவு கொட்டியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அய்யம்பெருமாளின் வலது கையில் முடி மட்டும் பொசுங்கியது. சூளை தானாகவே நின்றது. எப்படிப் பார்த்தாலும் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடம் தான் எங்கே போயிருந்தோம் என்று ஜெயசீலனுக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

ஷிப்ட் முடியும்போது கம்ப்யூட்டரில் அன்றைய விவரம் எழுத வேண்டும். யாரும் புதிதாக எழுதுவதில்லை. முந்தின ஷிப்ட் எழுதியதை அப்படியே நகல் எடுத்து ஒட்டி, எண்களை மட்டும் மாற்றுவார்கள். எல்லாரும் அப்படித்தான். ஜெயசீலனும் அன்று அப்படியே ஒட்டினார், எண்களை மாற்றினார், சூளை நின்ற நேரத்தைச் சேர்த்தார், மூடினார். அதில் கடைசி வரி ஒன்று உண்டு: 'களத் தகவல் இல்லை.' மேலே கோபுரத்திலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். எப்போதும் அங்கேயே கிடக்கிற வரி. அது அவர் கண்ணில் படவே இல்லை.

சேஃப்டி ஆபீசர் சக்தி வந்து, "மேலேர்ந்து கால் வந்துச்சா சார்?" என்று கேட்டபோது, "பதிவுல பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். தலை அப்படி வலித்தது.

மறுநாள் வந்தபோது அய்யம்பெருமாளை கேட்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். அடைப்பைப் பற்றித் தகவல் கொடுக்காதது அவர் குற்றம். ஆதாரம், கன்ட்ரோல் ரூம் பதிவு. கூட இருந்த ஒப்பந்த ஆட்கள் இருவர் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. விசாரணை முடியும்வரை கேட் பாஸ் கிடையாது. குற்றம் உறுதியானால் எப்போதுமே கிடையாது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்தார், திங்கள் சொல்லலாம் என்று நினைத்தார். ஒவ்வொரு நாளும் தள்ளத் தள்ள, 'நேத்தே ஏன் சொல்லல?' என்கிற கேள்வியும் சேர்ந்துகொண்டது. ஜெயசுதாவிடம்கூடச் சொல்லவில்லை. வருகிற புதன்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. இன்றைக்கு ஒன்பதாவது நாள்.

*

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மெடிக்கல் ஷாப். அதற்கு மேலே மாடி. மாடியில் எதிரெதிராக இரண்டு அறை. ஒன்று வண்டி இன்சூரன்ஸ் ஆபீஸ். ஞாயிறு என்பதால் ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. இன்னொன்றின் கதவில் சின்னதாக, 'கவியா, மனநல ஆலோசகர். பணி அழுத்தம், தூக்கமின்மை, குடும்பப் பிரச்சினை' என்று ஒரு பலகை. நடுவில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி.

ஜெயசுதா முன்னால் படியேற, ஜெயசீலன் பின்னால் ஏறினார். மேலே வந்து நிமிர்ந்தவர் ஒரு கால் மாடியிலும் ஒரு கால் படியிலுமாக அப்படியே நின்றுவிட்டார்.

நாற்காலியில் அண்ணாதுரை உட்கார்ந்திருந்தார்.

ஆலையின் உற்பத்திப் பிரிவுத் தலைவர். காலை மீட்டிங்கில் அவர் தொண்டையைக் கனைத்தால் பன்னிரண்டு பேர் குனிந்துகொள்வார்கள். புதன்கிழமை விசாரணையை நடத்தப் போகிறவர். எப்போதும் இஸ்திரி கலையாத சட்டையில் பார்த்தே பழக்கம். இன்று பழைய டீ-ஷர்ட்டும் தொப்பியும் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நிழலில் எதற்குத் தொப்பி?

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சார்..." என்றார் ஜெயசீலன். "வண்டி இன்சூரன்ஸ் ரெனீவல்."

"ஆமா ஆமா," என்றார் அண்ணாதுரை வேகமாக. "நானும் அதுக்குத்தான்."

மூன்று பேரும் பூட்டியிருந்த ஷட்டரைப் பார்த்தார்கள்.

ஜெயசுதாதான் முதலில் சிரித்தாள். சிரிக்கக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்தாள். அடங்கவில்லை. அண்ணாதுரைக்கும் உதடு லேசாகக் கோணியது. ஆனால் அது சிரிப்பாக வரவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தனாவது தடவ சார்?" என்று ஜெயசீலன் கேட்டார். கேட்ட பிறகுதான் தான் யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்தது.

"நாலாவது." அண்ணாதுரை கீழே பார்த்தபடியே சொன்னார். "ஜெயசீலன், நீங்க என்னைய இங்க பாக்கல."

"பாக்கல சார்."

"நான் உங்கள பாக்கல."

"சரிங்க சார்."

"எனக்கு மேல ரெண்டு பேர் இருக்காங்க. அவங்களுக்குத் தெரிஞ்சுதுன்னா அடுத்த மாசம் என் சீட்டுல வேற ஆளு."

கதவு திறந்தது. "அண்ணாதுரை சார், வாங்க" என்று ஒரு பெண் குரல் கூப்பிட்டது. அவர் எழுந்தார். உள்ளே போகாமல் ஒரு நொடி நின்றார். பிறகு விறுவிறுவென்று படியில் இறங்கிப் போய்விட்டார்.

கதவில் நின்ற பெண்ணுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். காட்டன் சுடிதார். படியை எட்டிப் பார்த்தாள், இவர்கள் இருவரையும் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று புரிந்துகொண்ட மாதிரி பெருமூச்சு விட்டாள்.

"நீங்க அரியலூரா?"

"ஆமாங்க."

"அரியலூர் ஆளுங்க எல்லாம் இங்க வராங்க. பெரம்பலூர் ஆளுங்க அரியலூர்ல என் ஃப்ரெண்டுகிட்ட போறாங்க. தலைய சுத்தி மூக்க தொடறதுன்னா இதுதான். பஸ்ல எதிரும் புதிருமா கையாட்டிட்டுப் போவாங்க போல." சிரித்துக்கொண்டே சொன்னாலும் முகத்தில் வருத்தம் இருந்தது. "தப்பு என் மேலயும் இருக்கு. ரெண்டு பேருக்கும் நடுவுல நேரம் விட்டுக் கொடுத்திருக்கணும். உள்ள வாங்க சார். அக்கா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

*

உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மண்பானை. கட்டிலோ படுக்கையோ இல்லை. ஜெயசீலனுக்கு அதுவே கொஞ்சம் நிம்மதி.

"நான் டாக்டர் இல்ல சார். மாத்திரை எழுத மாட்டேன். பேசுவேன், கேப்பேன். தூக்கத்துக்கு மருந்து வேணும்னு தோணுச்சுன்னா பெரியாஸ்பத்திரில டாக்டர் இருக்காங்க, சொல்லி அனுப்புவேன். சரியா?"

"சரிங்க மேடம்."

"உங்களுக்கு கடைசியா எப்ப போர் அடிச்சுது?"

என்னென்னவோ கேட்பார்கள் என்று தயாராக வந்திருந்தார். இது எதிர்பாராத கேள்வி.

"போரா?"

"ஆமா. ஒரு வேலையும் இல்லாம, சும்மா உக்காந்து, என்ன பண்றதுன்னு தெரியாம."

யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். அதற்குள் மேஜை மேல் கவிழ்த்து வைத்த போன் மூன்று தடவை அதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் தோள் தூக்கிப் போட்டதை கவியா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஞாபகம் இல்லீங்க."

"சரி, உங்க வேலைய எனக்குச் சொல்லுங்க. எனக்கு சிமென்ட்னா மூட்டைதான் தெரியும்."

வேலையைப் பற்றி என்றதும் வார்த்தை வந்தது. சூளை, சூடு, காற்று, எட்டுத் திரை எல்லாம் சொன்னார். அலாரத்தைப் பற்றியும் சொன்னார். "ஒரு ஷிப்டுக்கு இருநூறு, முந்நூறு அலாரம் வரும் மேடம். பட்டன அமுக்குனா சத்தம் நின்னுடும்."

"சத்தம் நின்னா பிரச்சனையும் நின்னுடுமா?"

"அது எப்படி நிக்கும்? சத்தம்தான் நிக்கும்."

சொன்ன வேகத்தில் வாய் மூடிக்கொண்டது. கவியா பானையில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

குடித்துவிட்டு அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல ஆரம்பித்தார். கை நகராததைச் சொன்னார். மூன்று தடவை குரல் வந்ததைச் சொன்னார். நகல் எடுத்து ஒட்டியதைச் சொன்னார். 'அந்த ஆளு', 'அந்த ஆளு' என்றே சொல்லிக்கொண்டு போனார்.

"அந்த ஆளு பேரு என்ன சார்?"

ஜெயசீலன் வாயைத் திறந்தார். ஒன்பது நாளாக அந்தப் பெயரை அவர் உச்சரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மனதுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஃபேக்டரியில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். மூக்கை உறிஞ்சினார். நாற்பத்தாறு வயது ஆம்பளை, முன்பின் தெரியாத ஒரு பெண் முன்னால் கண்ணைத் துடைத்தார்.

"அய்யம்பெருமாள். பெருமாளண்ணன்னுதான் கூப்புடுவேன்."

"எத்தன வருசமா?"

"இருவத்திரண்டு."

"ம்." என்றாள் கவியா. "உங்க கை நகரலன்னு சொன்னீங்களே, அது திமிருல இல்ல, சோம்பேறித்தனத்துல இல்ல. ரொம்ப நாளா ரெண்டு ஆளு வேலைய ஒரு உடம்பு பாத்தா, ஒரு நாள் அது நின்னுடும். அதுக்கு நீங்க வெக்கப்பட வேண்டியதில்ல. உங்கள மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது."

"அப்ப எனக்கு ஏன் மேடம் இப்படி இருக்கு?"

"அந்த ஆறு நிமிசத்துக்காகவா இப்படி இருக்கு?"

அவர் காலி டம்ளரை மேஜையில் வைத்துச் சுற்றினார்.

"சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன் சார். உங்க வேல, உங்க குடும்பம். போனா எனக்குப் போகப்போறதில்ல. ஆனா ஒன்னு. ஆறு நிமிசம் உங்க கையில இல்ல. இந்த ஒம்போது நாளு?"

வெளியே வந்ததும் ஜெயசுதா அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பேரளி தாண்டியதும் இரண்டு பக்கமும் மக்காச்சோளக் கொல்லை. எதிரே சுண்ணாம்புக்கல் லாரி வரிசையாக வர, பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போனது.

"ஜெயா."

"ம்."

எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வரி விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அரியலூர் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது.

"அந்த அண்ணன் சம்சாரம் பொன்னாயி அக்கா நான் வேல பாக்கற சத்துணவு சென்டருல ஆயாவா இருக்காங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஒரு வாரமா பேசவே மாட்டேங்கறாங்க என்கிட்ட. நான் என்னமோ ஏதோன்னு நெனச்சேன். என்னைய பாக்கறப்பலாம் முகத்த திருப்பிக்கறாங்க." அவர் பக்கம் திரும்பினாள். "வேல போனா போகுதுங்க. எங்கண்ணன் கடையில பஞ்சர் ஒட்டுவீங்க."

"எனக்கு அது தெரியாதுடி."

"கத்துக்குவீங்க."

*

புதன்கிழமை. சின்ன மீட்டிங் அறை. ஏசி குளிரிலும் ஜெயசீலனுக்கு முதுகு நனைந்திருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணாதுரை, இஸ்திரி கலையாத சட்டையில். பக்கத்தில் சக்தி, லேப்டாப்புடன். இந்தப் பக்கம் அய்யம்பெருமாள் நின்றிருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"நீங்க கால் பண்ணதா சொல்றீங்க," என்றாள் சக்தி. "பதிவுல இல்லியே."

"மூணு தடவ கூப்டம்மா. சார் பேரு சொல்லியும் கூப்டேன்." அவர் ஜெயசீலனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். "பொய் சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது?"

"ஜெயசீலன்?" என்றார் அண்ணாதுரை.

ஜெயசீலன் எழுந்தார். முதல்நாளே எழுதி வைத்திருந்த தாள் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"கூப்டாரு சார். மூணு தடவ. எனக்குக் கேட்டுச்சு."

சக்தி நிமிர்ந்தாள்.

"கேட்டுச்சுன்னா ஏன் நிறுத்தல?" என்றார் அண்ணாதுரை.

"கை ஓடல சார். பட்டன பாத்துட்டே உக்காந்திருந்தேன். ஆறு நிமிசம். பதிவு நான் எழுதுனது இல்ல, முந்தின ஷிப்ட காப்பி பண்ணி ஒட்டுனது. கடைசி வரிய நான் பாக்கல. ஆனா மறுநாளே தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சும் பன்னண்டு நாளா வாயத் தொறக்கல. அது காப்பி இல்ல சார், அது நான்தான்." மூச்சு வாங்கினார். "எனக்கு ஒடம்பு முடியல. மனசும் முடியல. ஞாயித்துக்கிழம போயி ஒருத்தர பாத்துட்டு வந்தேன். இன்னும் போவேன்."

எந்த ஊருக்குப் போனேன் என்று அவர் சொல்லவில்லை. அண்ணாதுரை பேனாவை இறுக்கிப் பிடித்தது மட்டும் தெரிந்தது.



அண்ணாதுரை சக்தியின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். போன வாரம், போன மாதம், அதற்கு முந்தின மாதம். எல்லா ஷிப்டிலும் கடைசியில் அதே வரி. தள்ளத் தள்ள அதே வரி.

"பொங்கல்லேர்ந்து மேலேர்ந்து ஒருத்தரும் ஒரு வார்த்தகூட பேசல போலிருக்கே," என்றார் வறட்சியாக. "ஊமைங்கள வெச்சா சூள ஓட்டறோம்?"

யாரும் சிரிக்கவில்லை.

"இத நான் தெனம் காலையில படிச்சுட்டுதான கையெழுத்துப் போடறேன்," என்றார் அவரே, மெதுவாக. அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

அய்யம்பெருமாளுக்குக் கேட் பாஸ் அன்றே திரும்பக் கிடைத்தது. ஜெயசீலனுக்கு மெமோ. மூன்று மாதத்துக்குக் கன்ட்ரோல் ரூமில் உட்காரக் கூடாது. உதிரிபாகப் பிரிவில் பகல் வேலை. அந்த இடத்துக்கு இரண்டு ஆள் போட வேண்டும் என்று சக்தி தன் குறிப்பில் எழுதினாள். ஆள் வந்தார்களா என்று கேட்டால், எழுதிய அன்றிலிருந்து இன்றுவரை ஒரு ஆள் வந்திருக்கிறார். இன்னொருவர் வருவதாகச் சொல்கிறார்கள்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் அய்யம்பெருமாள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஜெயசீலன் போய் நின்றார்.

"பெருமாளண்ணே."

"சொல்லுங்க சார்."

"மன்னிச்சுக்கங்கண்ணே."

அவர் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார்.

"அன்னிக்கு நீங்க நிறுத்தாததுக்கு எனக்குக் கோவம் இல்ல சார். உங்க மூஞ்சிய ஒரு வருசமா பாத்துட்டுதான இருக்கேன். பேயறஞ்ச மாதிரி வருவீங்க, போவீங்க. நாங்களே பேசிக்குவோம், சாருக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு. ஆனா பன்னண்டு நாளு சார். பொன்னாயி சரியா சோறு திங்கல. ஊருல நான் தூங்கிட்டேன்னு பேசறாங்க. நான் உங்களுக்கு ரெண்டு தடவ போன் போட்டேன். எடுக்கல நீங்க."

"எடுக்கலண்ணே."

"அதுக்குத்தான் சார் கோவம். அது போக கொஞ்ச நாளாவும்." சைக்கிளில் ஏறினார். நாலடி போய்விட்டு நிறுத்தினார். "இன்னிக்கு சொல்லிட்டீங்க. அதையும் சொல்லுவேன் பொன்னாயிகிட்ட."

*

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. ஜெயசீலன் ஞாயிறுதோறும் போய் வருகிறார். பெரியாஸ்பத்திரி டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஐந்து மணி நேரம் தூங்குகிறார். நான்கு குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார். போன வாரம் ஆர்த்தி கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "போர் அடிக்குதுடி ஜெயா" என்று சொல்லியிருக்கிறார். ஜெயசுதா பாடாலூருக்குப் போன் போட்டு அதைச் சொல்ல, ராசாங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "போர் அடிச்சா டிவி போட்டு வுடு. அதுக்கு ஒரு போனா?" என்றாராம்.

முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் காலையில் இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அய்யம்பெருமாள் வணக்கம் வைக்கிறார், பேச்சு இன்னும் பழையபடி இல்லை. அதை ஜெயசீலன் அவசரப்படுத்தவில்லை.

அவருக்கு இப்போது ஒரே ஒரு விஷயம்தான் மனதில் கிடந்து உறுத்துகிறது. அண்ணாதுரையை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பெரம்பலூரில் பார்க்கவே இல்லை. கவியாவிடம் கேட்டால், "இன்னொருத்தர பத்தி நான் சொல்லக் கூடாது சார்" என்றுவிட்டாள். அது நியாயம்தான். ஆனால் ஃபேக்டரியில் பார்க்கிறாரே. கேன்டீனில் தட்டை வாங்கி அப்படியே வைத்துவிட்டு எழுகிறார். காலை மீட்டிங்கில் இப்போது கத்துவதில்லை. கத்திக்கொண்டிருந்தபோதுகூட இவ்வளவு பயமாக இல்லை. போன செவ்வாய்க்கிழமை பத்து வருடமாகக் கூட இருக்கிற ஆளின் பெயர் மறந்து, விழித்துக்கொண்டு நின்றார்.

அவரிடம் போய்ப் பேச வேண்டும் என்று ஜெயசீலன் இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போனார். இரண்டு முறையும் திரும்பிவிட்டார். 'உங்களை அங்கே பார்க்கவே இல்லை' என்று வாக்குக் கொடுத்தவர், எந்த வாயால் 'திரும்பி வாங்க சார்' என்று சொல்வது? சொன்னால் மிரட்டுகிற மாதிரி ஆகிவிடுமோ? சொல்லாமல் விட்டால்? பேசாமல் விட்ட பன்னிரண்டு நாள் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

அதனால்தான் இதை எழுதிய நான் அவருக்காகக் கேட்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது இப்படி ஒரு மேலதிகாரியிடமோ, கூட வேலை பார்ப்பவரிடமோ துணிந்து பேச்சை எடுத்திருப்பீர்கள். அல்லது உங்களிடம் யாராவது வந்து பேசியிருப்பார்கள். எங்கே வைத்துப் பேசினீர்கள்? முதல் வார்த்தை என்ன? கீழே எழுதுங்கள். பெயரும் ஊரும் போட வேண்டாம். இரண்டு வரி போதும்.